'டு' வந்த இடத்தில் 'யுவர்' வருமா? – கேள்வி பதில்

ஆங்கிலத்தில் 'டு' போட்ட வினையும் 'மை, யுவர், ஹிஸ்' வகையறாவும் ஒன்றாக வரும் இடங்களைப் பற்றி மட்டும் இந்த முறை. கேட்டவர்களின் ஊர்ப் பெயர் மட்டும் போட்டிருக்கிறேன்.

ஆம்பூர்: ஷூ கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவில் இருக்கிறேன் சார். வெளிநாட்டு பையருக்கு 'வி லுக் ஃபார்வர்ட் டு யுவர் விசிட்டிங் அவர் ஃபேக்டரி' என்று மெயில் எழுதினேன். "டுவுக்கு அப்புறம் ஐஎன்ஜி வராது, விசிட்னு மாத்து" என்கிறார் மேனேஜர்.

நீங்கள் எழுதியது சரி. ஆங்கிலத்தில் 'டு' இரண்டு வகை. 'ஐ வாண்ட் டு கோ' என்பதில் அது வினையோடு சேர்ந்தது. 'ஐ வெண்ட் டு காட்பாடி' என்பதில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் இடைச்சொல். எது எந்த வகை என்று சந்தேகம் வந்தால் 'டு'வுக்குப் பக்கத்தில் 'இட்' வைத்துப் பாருங்கள். 'லுக் ஃபார்வர்ட் டு இட்' என்று சொல்ல முடிகிறது. ஆகவே அங்கே பெயரோ ஐஎன்ஜியோ வரும். அதற்கு முன்னால் 'யுவர்' தாராளமாக வரலாம். 'வாண்ட் டு இட்' என்று சொல்ல முடியாது. அங்கே வெறும் வினைதான், 'யுவர்' நுழைய இடமே இல்லை. 'ஆப்ஜெக்ட் டு', 'இன் அடிஷன் டு' எல்லாம் முதலில் சொன்ன 'லுக் ஃபார்வர்ட் டு' கட்சி. 'அவர் கத்துவது எனக்குப் பழகிவிட்டது' என்று சொல்ல 'ஐ ஆம் யூஸ்ட் டு ஹிஸ் ஷவுட்டிங்' என்கிறோமே, அதுவும்தான்.

மேனேஜரோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்றால் 'யுவர் விசிட் டு அவர் ஃபேக்டரி' என்று முடித்துவிடுங்கள். அவர் கேட்ட 'விசிட்'டும் வந்துவிடும், இலக்கணமும் தப்பிக்கும்.

குடியாத்தம்: 'ஐ வாண்ட் யுவர் டு கம்' தப்பா?

தப்பு. 'யூ டு கம்'. வினையோடு சேர்ந்த 'டு'வுக்கு முன்னால் செய்பவரைச் சொல்ல 'யூ, ஹிம், மீ' தான். சில இடங்களில் 'ஃபார் மீ டு கோ' என்று 'ஃபார்' சேரும். உடைமைச் சொல் வேண்டுமானால் நடுவில் ஒரு பெயர் இருக்க வேண்டும்: 'மை டிசிஷன் டு கோ', 'ஹிஸ் ரெஃப்யூசல் டு பே'.

அணைக்கட்டு: அப்படியானால் 'ஹர் எபிலிட்டி ஆஃப் டீச்சிங்' சரியா? பள்ளி ஆண்டறிக்கையில் எழுதிவிட்டோம்.

அச்சுக்குப் போகவில்லை என்றால் 'எபிலிட்டி டு டீச்' என்று மாற்றிவிடுங்கள். மூலச் சொல் 'டு' எடுத்தால் அதிலிருந்து வந்த பெயரும் பெரும்பாலும் 'டு' எடுக்கும்: டிசைட் – டிசிஷன், ரெஃப்யூஸ் – ரெஃப்யூசல், ஏபிள் – எபிலிட்டி. ஆனால் இதை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு போகக் கூடாது. 'ஐ ஹோப் டு வின்' என்போம். பெயரானதும் 'மை ஹோப் ஆஃப் வின்னிங்' ஆகிவிடும். 'பாசிபிலிட்டி'யும் 'ஆஃப்' தான் கேட்கும். 'இன்டென்ஷன்' இரண்டு பக்கமும் சாயும்: 'மை இன்டென்ஷன் டு ரிசைன்', 'ஐ ஹேவ் நோ இன்டென்ஷன் ஆஃப் ரிசைனிங்'.

ராணிப்பேட்டை: 'லுக் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ' சரியா?

'இட்' வைத்துப் பாருங்கள். 'ஹியரிங்'.

ஆற்காடு: அகராதியில் 'டு லூஸ் ஒன்ஸ் டெம்பர்' என்று இருக்கிறது. என் மகன் பரீட்சையில் 'ஹி லாஸ்ட் ஒன்ஸ் டெம்பர்' என்று எழுதி மதிப்பெண் போய்விட்டது. அகராதியில் இருப்பது எப்படித் தப்பாகும்?

பையன் மேல் குற்றமில்லை; அகராதியைப் படிக்கும் முறையை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. அந்த 'ஒன்ஸ்' ஒரு காலியிடம். எழுவாய் யாரோ, அவருக்குரிய சொல்லை அதில் போட வேண்டும்: 'ஹி லாஸ்ட் ஹிஸ் டெம்பர்', 'தே மேட் அப் தேர் மைண்ட்ஸ்'. அப்புறம் இன்னொன்று. அகராதி சில இடங்களில் 'ஒன்ஸ்' போடாமல் 'சம்ஒன்ஸ்' என்று போட்டிருக்கும், 'டு புல் சம்ஒன்ஸ் லெக்' மாதிரி. அங்கே கால் வேறொருவருடையது. 'ஹி புல்ட் மை லெக்' என்றால் என்னைக் கிண்டல் செய்தான். 'ஒன்ஸ்' என்றால் தன்னுடையது, 'சம்ஒன்ஸ்' என்றால் அடுத்தவருடையது. நல்ல அகராதிகள் இதைக் கவனமாகப் பிரித்துப் போடும். உடலுறுப்புகளையும் பாருங்கள். நாம் 'கை கழுவினேன்' என்று விட்டுவிடுவோம். ஆங்கிலத்தில் 'மை ஹேண்ட்ஸ்' என்று சொல்லியாக வேண்டும்.

வாலாஜா: ஆம்பூர்க்காரருக்கு நீங்கள் சொன்னதை ஏற்க முடியாது. 'யுவர் விசிட்டிங்' என்று வெள்ளைக்காரனே பேசுவதில்லை. 'யூ விசிட்டிங்' என்றுதான் வருகிறது.

பேச்சில் வருகிறது, மறுக்கவில்லை. இது பழைய சண்டை. 'யூ விசிட்டிங்' வகையை, ஆங்கில நடை பற்றி நூல் எழுதிய ஃபவுலர் சகோதரர்கள் 1906-லேயே கண்டித்தார்கள். 1920-களில் டென்மார்க் அறிஞர் யெஸ்பர்சன், நல்ல எழுத்தாளர்களே அப்படி எழுதியிருக்கிறார்கள் என்று உதாரணங்களை அடுக்கி எதிர்த்தார். என் ஓட்டு யெஸ்பர்சனுக்கு. ஆனால் அலுவலகக் கடிதத்தில் 'யுவர்' எழுதினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

வாலாஜா (மறுபடி): ஓட்டு அவருக்கு, கடிதம் இவருக்கா?

ஆமாம். கடிதம் போவது பையருக்கு, யெஸ்பர்சனுக்கு இல்லை.

ஆம்பூர் (மறுபடி): அப்போது 'தி கூட்ஸ் இன் தி செகண்ட் கன்டெய்னர் அரைவிங் லேட்' என்பதிலும் 'அரைவிங்'குக்கு முன்னால் உடைமைக்கான 'ஸ்' சேர்க்கணுமா? வாலாஜா சார் சொல்வது சரியென்று படுகிறது.

இந்த இடத்தில் அவர் சொல்வது சரிதான். நீளமான பெயர்த்தொடரின் வாலில் 'ஸ்' ஒட்டினால் படிக்கவே முடியாது, அங்கே வேண்டாம். 'மை பீயிங் லேட்' என்று வாக்கியம் தொடங்கும்போது உடைமைச் சொல்தான் அழகு. 'ஐ சா ஹிம் லீவிங்' என்பதில் மட்டும் 'ஹிஸ்' போட்டுவிடாதீர்கள். பார்த்தேன், கேட்டேன் என்றால் 'ஹிம்' தான். இதில் ஃபவுலரும் தகராறு செய்யவில்லை. வாலாஜா நண்பரே, மீதியைத் தனியாக வைத்துக்கொள்வோம், பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள்.

காட்பாடி: வங்கித் தேர்வுக்கு கட்-ஆஃப் எவ்வளவு வரும்?

என் துறை இல்லை. தேர்வு நடத்துபவர்களின் தளத்தில் பாருங்கள்.

பேர்ணாம்பட்டு: 'லுக் ஃபார்வர்ட் டு மீட் யூ' என்று எழுதலாமா ஐயா?

ஐயா தலையில் அடித்துக்கொண்டார். 'இட்'!

திருப்பத்தூர்: கிரிக்கெட் செய்தியில் 'தி மேட்ச் இஸ் இந்தியாஸ் டு லூஸ்' என்று படித்தேன். இந்தியா தோற்கப் போகிறது என்று நினைத்தால் கடைசியில் ஜெயித்துவிட்டார்கள். உடைமைக்குப் பக்கத்திலேயே 'டு' வந்திருக்கிறதே?

இன்றைக்கு வந்ததில் நல்ல கேள்வி இது. நடுவில் பெயர் வேண்டும் என்று குடியாத்தத்துக்குச் சொன்னேன். இங்கே அந்தப் பெயர், அதாவது மேட்ச், வாக்கியத்தின் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டது. வெற்றி இந்தியாவின் கையில் இருக்கிறது, அவர்களாகக் கோட்டைவிட்டால்தான் போகும் என்று பொருள். தோற்பார்கள் என்று இல்லை. 'தி டிசிஷன் இஸ் யுவர்ஸ் டு மேக்' என்றால் முடிவெடுக்கும் உரிமை உங்களுடையது. 'இட் இஸ் நாட் மைன் டு கிவ்' என்றால் கொடுக்க அது என்னுடையதல்ல. இந்த வகையில் 'யுவர்' வராது, 'யுவர்ஸ்' தான். 'மை' வராது, 'மைன்' தான். கடைக்காரர் பேனாவைக் கொடுத்து 'யுவர்ஸ் டு கீப்' என்றால் திருப்பித் தர வேண்டியதில்லை.