வகுப்பறைச் சூழல் பிள்ளைகளின் படிப்பை எப்படி மாற்றுகிறது?

வகுப்பறைச் சூழல் என்றால் வெளிச்சம், காற்று, உட்காரும் விதம், கேள்வி கேட்டால் ஆசிரியர் காட்டும் முகம் எல்லாம் சேர்ந்ததுதான். மனம் ஒரே நேரத்தில் கொஞ்சம் விஷயங்களைத்தான் பிடித்து வைத்திருக்கும். வேலூர் வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே, அடி விழுமோ என்று உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குப் புழுக்கமும் பயமுமே மனசில் இருக்கும் அந்தக் கொஞ்ச இடத்தையும் அடைத்துவிடும், கணக்குக்கு இடமிருக்காது. இரண்டில் பயம்தான் மோசம் என்பேன்.

அப்புறம், கேட்பது மட்டும் போதாது. காட்பாடிப் பக்கம் கிணற்று மேட்டில் நின்று பார்த்தே யாரும் நீச்சல் பழகுவதில்லை. தண்ணீரில் இறங்கணும், பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒருவர் வேணும். பிள்ளையும் தானே சொல்லி, எழுதி, தப்பைத் திருத்தினால்தான் பாடம் மனசில் நிற்கும். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல் இதற்காகத்தான்.

சத்தமில்லாத வகுப்பே நல்ல வகுப்பு என்று பலர் நினைக்கிறார்கள். பாடத்தைப் பற்றிப் பிள்ளைகள் பேசிக்கொள்ளும் சத்தமும் படிப்புதான்.