வீட்டை வாடகைக்கு விடுமுன் வங்கியையும் கேட்க வேண்டுமா?

கேள்வி: சிங்கப்பூரின் செங்காங்கில் எங்களுக்கு நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. நாங்கள் இருவரும் குடிமக்கள், நாங்களே குடியிருக்க வேண்டிய ஐந்தாண்டுக் காலமும் முடிந்துவிட்டது. வட்டி குறைவு என்று கடனை வங்கிக்கு மாற்றியிருக்கிறோம். கணவருக்கு இரண்டாண்டு துபாயில் வேலை, குடும்பத்தோடு போகிறோம். சென்னையிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் ஒரு குடும்பம் முழு வீட்டையும் வாடகைக்குக் கேட்கிறது. "வீவக அனுமதி போதும், வங்கியிடம் வாயைத் திறக்காதீர்கள்" என்கிறார் முகவர். அப்படிச் செய்யலாமா?

பதில்: கூடாது. வீவக அனுமதி வேறு, வங்கி அனுமதி வேறு. வீவகவிடமே கடன் வாங்கியிருந்தால் ஒரே வாசலோடு முடிந்திருக்கும். உங்கள் வீடு இப்போது வங்கியில் அடமானம். கடன் கொடுத்தபோது வங்கி தந்த கடிதத்தையும் அடமானப் பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள். எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் வீட்டை வாடகைக்கு விடக் கூடாது என்ற நிபந்தனை பெரும்பாலும் அதில் இருக்கும். தவணையை ஒருநாள்கூடத் தவறாமல் கட்டினாலும் இதை மீறினால் ஒப்பந்த மீறல்தான்.

வங்கிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். கடன் எண், வீட்டு முகவரி, யாருக்கு, எவ்வளவு காலம், எவ்வளவு வாடகை என்று எழுதி, வாடகை ஒப்பந்தத்தின் வரைவையும் இணையுங்கள். கட்டணம் உண்டா, வட்டி மாறுமா என்று அதிலேயே கேளுங்கள். தொலைபேசியில் "பரவாயில்லை" என்று யாராவது சொன்னால் அதை நம்பி இருந்துவிடாதீர்கள், எழுத்தில்தான் வேண்டும். ஒரு கடிதத்துக்கு நாலு பேரிடம் அலையவிடுவார்கள். ஒரே வீட்டுக்கு இரண்டு இடத்தில் தனித்தனியாக அனுமதி கேட்கும் இந்த ஏற்பாட்டை யாராவது சீர்செய்தால் புண்ணியமாகப் போகும். அதுவரை அலையத்தான் வேண்டும்.

உங்கள் விஷயத்தில் நான் அதிகம் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. வாடகைக்கு வருபவர்கள் குடிமக்களோ மலேசியர்களோ அல்லர். அப்படிப்பட்டவர்களுக்கு முழு வீட்டையும் விட ஒதுக்கீட்டு வரம்பு உண்டு: வட்டாரத்து வீடுகளில் 8 விழுக்காடு, புளோக்கில் (உங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில்) 11 விழுக்காடு. உங்கள் புளோக்கில் அது நிரம்பியிருந்தால் அந்தக் குடும்பம் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் அனுமதி கிடைக்காது. மலேசியர்களுக்கு இந்த வரம்பு இல்லை; மற்ற நாட்டவர் நிரந்தரவாசியாகவே இருந்தாலும் கணக்கில் வருவார். வீவக இணையத்தளத்தில் முதலில் இதைப் பாருங்கள். இடம் இருந்தால், ஒரு விண்ணப்பத்துக்கு அதிகபட்சம் இரண்டாண்டு. உங்களுக்கு அது சரியாகப் பொருந்துகிறது.

அந்த முகவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வங்கியிடம் மறைக்கச் சொல்பவர் நாளைக்கு உங்களிடமும் மறைப்பார். அவருடைய பதிவு எண்ணைச் சொத்து முகவர்களுக்கான பொதுப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். வீவக வீட்டு வாடகையையும் முன்பணத்தையும் முகவர் கையில் வாங்கவே கூடாது, சட்டம் தடுக்கிறது. பணம் உங்கள் கணக்குக்கு நேரே வரட்டும். "ஓர் அறையைப் பூட்டி வைத்துவிடுங்கள், அறை வாடகை என்று காட்டிக்கொள்ளலாம்" என்று அவர் யோசனை சொன்னால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். நீங்களும் அங்கேயே குடியிருப்பதாகக் காட்டும் அது வீவகவுக்கு நன்றாகவே தெரிந்த பழைய தந்திரம், வீடே பறிபோகலாம். முழு வீட்டையும் தானே எடுத்து வேறு ஆட்களுக்குப் பிரித்து விடுகிறேன் என்று வரும் இடைத்தரகர்களையும் அண்டவிடாதீர்கள். வாடகைக்கு எடுத்தவர் உள்வாடகைக்கு விடக் கூடாது. அவர் காணாமல் போனாலும், துபாயில் இருக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

வங்கியின் கடிதமும் வீவக அனுமதியும் கைக்கு வரும்வரை முன்பணம் வாங்காதீர்கள், கையெழுத்தும் போடாதீர்கள். கையெழுத்தானபின் 14 நாளுக்குள் ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்ட வேண்டும். வழக்கமாக வாடகைக்கு வருபவர்தான் கட்டுவார். நீங்கள் குடியிராத வீட்டுக்குச் சொத்து வரிச் சலுகை கிடையாது, வரி வீட்டின் ஆண்டு மதிப்பில் 12 விழுக்காட்டிலிருந்து தொடங்கும். வருமான வரிக் கணக்கில், வாடகை வருமானத்திலிருந்து கடன் வட்டியைக் கழித்துக்கொள்ளலாம். வங்கியின் ஆண்டு வட்டிக் கணக்கைப் பத்திரமாக வையுங்கள்.