செக் நாட்டுத் தலைநகர் பிராகாவின் வானியல் கடிகாரம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கடிகாரத்தைச் செய்த ஹனுஷ் வேறெங்கும் இதுபோல் செய்துவிடக் கூடாதென்று நகர மன்றத்தார் அவர் கண்களைப் பறித்தார்களாமே?

பதில்: அது கட்டுக்கதை. 1410-இல் கடிகாரத்தைச் செய்தவர் கடான் ஊரைச் சேர்ந்த மிக்குலாஷ். வானியல் கணக்குகளை யான் ஷிண்டெல் என்னும் அறிஞர் வகுத்துத் தந்ததாகக் கருதப்படுகிறது. ஹனுஷ் அதற்குப் பல பதிற்றாண்டுகள் பிந்தியவர்.

கேள்வி: ஒரே இயந்திரம் சூரியன், நிலவு, ராசிச் சக்கரம் மூன்றையும் வெவ்வேறு வேகத்தில் எப்படிச் சுழற்றுகிறது?

பதில்: கடிகாரத்தின் உயிர்நாடியே இதுதான். ஒரே அச்சில், ஒரே விட்டமுள்ள மூன்று பெரிய சக்கரங்கள் உள்ளன. ராசி வளையத்துக்குரியதில் 365 பற்களும், சூரிய முள்ளுக்குரியதில் 366 பற்களும், நிலவு முள்ளுக்குரியதில் 379 பற்களும் இருக்க, மூன்றையும் 24 பற்கள் கொண்ட சிறு சக்கரங்களே தள்ளுகின்றன. சூரிய முள் 365 சுற்று முடிக்கும்போது ராசி வளையம் 366 சுற்று முடித்துவிடுவதால், ஓராண்டில் சூரியன் பன்னிரண்டு ராசிகளையும் கடந்துவிடுகிறது. நிலவின் கணக்கில் மட்டும் சிறு குறை உண்டு: அமாவாசைக்கு அமாவாசை ஏறத்தாழ 29.53 நாள் என்றிருக்க, இப்பற்களின் விகிதமோ 29.15 நாள்தான் தருகிறது. ஆகவே அந்த முள்ளை அவ்வப்போது திருத்தியாக வேண்டும்.

கேள்வி: வெளி வளையம் தனியே நகர்வது ஏன்?

பதில்: அது பழைய செக் மணிக்கணக்கு. சூரியன் மறையும் பொழுதிலிருந்து 24 மணியை எண்ணுவதால், பருவத்துக்கேற்ப வளையம் இடம் மாறுகிறது.

கேள்வி: இன்று நாம் காண்பதில் எவ்வளவு பழையது?

பதில்: வானியல் முகப்பின் அமைப்பு 1410-ஐச் சேர்ந்தது, அதற்கு மேலே தோன்றும் இயேசுவின் சீடர் பொம்மைகள் அவ்வளவு பழையவை அல்ல. 1945 மே மாதம் ஜெர்மானியப் படையின் தாக்குதலில் மூண்ட தீயில் முந்தைய மரச்சிற்பங்கள் கருகிப்போயின. இப்போதுள்ளவற்றை வோய்த்தியெஹ் சுஹார்டா செதுக்க, 1948-இல் கடிகாரம் மீண்டும் ஓடியது. சுற்றுலாப் பயணிகள் பொம்மைகளைப் பார்த்ததுமே நகர்ந்துவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது அவற்றுக்குக் கீழேயுள்ள முகப்பை.

கேள்வி: 2018-இல் முடிந்த சீரமைப்பு சரியாக அமைந்ததா?

பதில்: 1948 முதல் இருந்த மின் இயக்கத்தை அகற்றி, 1860-களின் இயந்திரத்தையே மீண்டும் பொருத்தியது, என் கருத்தில், மிகச் சரியான முடிவு. நாட்காட்டித் தட்டைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. யோசப் மானெஸ் 1866-இல் தீட்டிய மூல ஓவியம் அருங்காட்சியகத்தில் இருக்கும்போது, புதிய நகலிலுள்ள உருவங்களின் முகமும் வயதும் மாறியிருப்பதாக 2022-இல் புகார் எழுந்தது. நகலெடுப்பவர் தம் கற்பனையைச் சேர்க்க இடமே தரக் கூடாது; பொருத்துவதற்கு முன்பே மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டிருக்க வேண்டும்.