ஈரக் களிமண்ணும் முன்பனியும்: அலாட்மென்டில் இப்போது என்ன செய்யலாம்?

கேள்வி: லண்டன் ஹரோவில் பல வருடம் காத்திருந்து, இந்த வசந்தத்தில்தான் எங்களுக்கு அரை அலாட்மென்ட் (காய்கறி பயிரிட வாடகைக்குத் தரும் சிறு நிலம்) கிடைத்தது. போஞ்சியும் பூசணியும் நன்றாக வந்தன. தக்காளி ஓகஸ்டில் இலை கறுத்து அழுகிப்போயிற்று. இப்போது ஒக்டோபர் முடிகிறது, நிலத்தில் கேல் (கோவா இனத்து இலைக்கறி) மட்டும் நிற்கிறது. முழு நிலத்தையும் ஆழமாகக் கொத்திப் புரட்டி, மார்ச் வரை அப்படியே விடலாம் என்கிறார் என் கணவர். பக்கத்து நிலத்துப் பெரியவரோ உள்ளி (வெள்ளைப்பூண்டு) நடச் சொல்கிறார். சப்பாத்தில் அப்பும் இந்தச் சேற்றில் எதைச் செய்வது? யாழ்ப்பாணத்தில் தோட்டக்காரர் வீட்டில் பிறந்தும் இந்த மண் எனக்குப் பிடிபடவில்லை.
— ஒரு வாசகி, ஹரோ

பதில்: அன்புச் சகோதரிக்கு, பெரியவர் சொன்னபடி உள்ளியை நடுங்கள், கொத்துவதை இந்த வருடம் விட்டுவிடுங்கள்.

உங்கள் கணவர் சொல்வதும் ஆதாரமில்லாத பேச்சல்ல. கனத்த களிமண்ணைக் குளிருக்கு முன் பெரிய கட்டிகளாகப் புரட்டிவிட்டால், கட்டிக்குள் இருக்கும் நீர் உறைந்து விரிந்து, பிறகு உருகும்போது கட்டி தானாகவே உதிரும் என்பது இங்குள்ள பழைய தோட்டக்காரர்களின் முறை. ஆனால் மண் ஓரளவு காய்ந்திருக்கும்போதுதான் அந்த வேலையைச் செய்யவேண்டும். ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள். உடையாமல் திரியாக நீண்டு, பெருவிரலால் தேய்த்த இடம் மினுங்கினால், அந்த மண்ணில் மண்வெட்டி மட்டுமல்ல, உங்கள் காலும் படக்கூடாது. லண்டன் களிமண்ணின் துகள்கள் மிக நுண்ணியவை. ஈரத்தில் மிதித்தால் அவற்றுக்கிடையே காற்றும் நீரும் போகும் சிறு வழிகள் அடைபட்டு, வசந்தத்தில் வெயில் பட்டதும் நிலம் செங்கல்லாக இறுகிவிடும். சப்பாத்தில் சேறு அப்புகிறது என்று நீங்கள் எழுதியதே எனக்குப் போதுமான விடை. பாத்திக்குள் போகவேண்டி வந்தால் ஒரு நீளப் பலகையைப் போட்டு அதன் மேல் நின்று வேலை செய்யுங்கள்.

கொத்தாமல் விடுங்கள் என்றால் வெறுமையாக விடுங்கள் என்று பொருளல்ல. மாரிமழை வெறும் மண்ணை அடித்து மேற்பரப்பை மூடிவிடும், பசளைச் சத்தையும் கழுவிக்கொண்டு போய்விடும். இவ்வருடம் பயிரிடாத பகுதியில் ஒட்டும் நாடாக்களை உரித்த தடித்த கார்ட்போர்ட் அட்டைகளை ஒன்றின் மேல் ஒன்று ஒரு சாண் ஏறும்படி விரித்து, அதன் மேல் ஏறக்குறைய 5 செ.மீ. உயரத்துக்குக் கூட்டெருவோ நன்றாக மக்கிய குதிரைச் சாணமோ பரப்புங்கள். அதைக் கீழே இழுத்துக் கலக்கும் வேலையை மண்புழுக்கள் குளிர்காலம் முழுவதும் செய்யும். பழைய கம்பளத்தை மட்டும் போடவேண்டாம்; அதன் சாயமும் செயற்கை நாரும் மண்ணில் தங்கிவிடும், பல இடங்களில் அதற்குத் தடையும் உண்டு. போஞ்சிக் கொடிகளை வேரோடு பிடுங்காமல் தரைமட்டத்தில் வெட்டிவிட்டு, வேரை உள்ளேயே மக்க விடுங்கள்.

உங்களுக்கு இந்த மண் பிடிபடாததில் வியப்பில்லை. ஊரில் ஐப்பசியும் கார்த்திகையும் மழையோடு எல்லாம் முளைக்கும் காலம். இங்கே அதே மாதங்களில் வெளிச்சமே இல்லாமல் போகிறது: ஒக்டோபர் கடைசியிலிருந்து பெப்ரவரி நடுப்பகுதி வரை லண்டனின் பகல் 10 மணித்தியாலத்தை எட்டுவதில்லை, டிசம்பர் 21 அளவில் அது 8 மணித்தியாலத்துக்கும் குறைவு. ஆகவே கீரை விதையை இப்போது திறந்த நிலத்தில் தூவினால் பெரும்பாலும் வீண்தான். குளிரைத் தாங்குவதோடு நில்லாமல் குளிரைக் கேட்டு வாங்கும் பயிர்தான் இப்போது தேவை.

உள்ளி அப்படிப்பட்டது. ஒன்றிரண்டு மாதமாவது 10 பாகை செல்சியசுக்குக் கீழே குளிர்ந்து கிடந்தால்தான் அதன் கிழங்கு பல்லுப் பல்லாகப் பிரியும். குளிர் போதாவிட்டால் பிரியாத ஒற்றைக் குமிழாகவே நின்றுவிடும். தமிழ்க் கடையில் சமையலுக்கு வாங்கும் உள்ளி பெரும்பாலும் சீனாவிலிருந்தோ ஸ்பெயினிலிருந்தோ வருவது. இந்தக் காலநிலைக்குப் பொருந்தாமல் போகலாம், நோயையும் கொண்டுவரலாம். அதிலும் வெள்ளை அழுகல் நோய் நிலத்துக்குள் வந்துவிட்டால் பல வருடங்களுக்கு வெங்காயமும் உள்ளியும் செய்யமுடியாது. விதைக்கென்றே விற்கும் ‘சொலென்ட் வைட்’ போன்ற வகையைத் தோட்டக் கடையில் வாங்குங்கள். களிமண்ணில் நீர் தேங்கினால் பல் அழுகிவிடும். அதனால் இரண்டு வாளி கூட்டெருவைக் கொட்டி, வரிசையைச் சற்று உயர்த்திக்கொள்ளுங்கள். பல்லின் தட்டையான அடி கீழும் கூர் மேலுமாக, கூர் 2–3 செ.மீ. ஆழத்தில் மறையும்படி, பல்லுக்குப் பல் 15 செ.மீ., வரிசைக்கு வரிசை 30 செ.மீ. இடைவெளியில் வையுங்கள். விரலால் அழுத்தித் திணிக்காமல் சிறு குழி செய்து வைத்து மூடுங்கள். அழுத்தினால் அடியிலுள்ள வேர்த் தட்டு நசுங்கும். பறவைகள் புதிதாக நட்ட பல்லை இழுத்து வெளியே போடும். முளை பிடிக்கும்வரை ஒரு வலை போதும். யூன் இறுதியிலோ யூலையிலோ இலை மஞ்சளாகும்போது கிண்டி எடுக்கலாம்.

இன்னொரு வரிசைக்கு இடமிருந்தால் ‘அக்வாடல்சே கிளாடியா’ என்ற பிராட் பீன்ஸ் (குளிரைத் தாங்கும் பெரிய அவரை) வகையை நவம்பர் நடுப்பகுதிக்குள் 5 செ.மீ. ஆழத்தில் ஊன்றுங்கள். எலித் தொல்லை உள்ள இடமானால் கழிவறைக் காகிதச் சுருளின் அட்டைக் குழலில் வீட்டில் முளைக்கவைத்து, குழலோடு நடுவது நல்லது.

கேலுக்கு உடனே வலை கட்டுங்கள். வேறு பச்சை இல்லாத மாதங்களில் காட்டுப் புறாக்கள் ஒரே காலையில் நரம்பை மட்டும் விட்டுவிட்டுப் போய்விடும். வலை இலையில் தொட்டுக்கொண்டிருந்தால் அதன் மேலேயே உட்கார்ந்து கொத்தும், ஆதலால் தடிகள் ஊன்றி வலையை உயர்த்திக் கட்டவேண்டும். கீழ் இலைகளை மட்டும் ஒடித்து எடுங்கள், நடுக்குருத்தைத் தொடாதீர்கள். உறைபனி ஓரிரு முறை பட்ட கேலில் இனிப்பு ஏறும். தேங்காய்ப்பூப் போட்டு வறை செய்ய அதுதான் நல்ல பருவம்.

தக்காளிக்கு வந்தது பெரும்பாலும் ‘பிளைட்’ எனப்படும் கருகல் நோய். அந்தச் செடிகளும் அழுகிய காய்களும் இன்னும் நிலத்தில் கிடந்தால், உங்கள் கூட்டெருக் குவியலில் போடாமல் கவுன்சிலின் தோட்டக் கழிவுத் தொட்டியில் போடுங்கள். அங்கே குவியல் நோயைக் கொல்லும் அளவுக்குச் சூடேறும். இதே நோய் உருளைக்கிழங்கையும் தாக்கி, மண்ணில் தப்பிக் கிடக்கும் கிழங்குகளுக்குள் குளிர்காலத்தைக் கழிக்கும். ஆகவே முன்பு அந்த நிலத்தை வைத்திருந்தவர் விட்டுப்போன கிழங்கு எங்காவது கண்ணில் பட்டால் அதையும் எடுத்துவிடுங்கள். அடுத்த வருடம் தக்காளியை வேறு பாத்தியில் வைத்து, மாலையில் இலை நனையாமல் அடியில் மட்டும் தண்ணீர் விடுங்கள்.