முதுகில் குழந்தை: ஃபிரேம் கேரியர் வாங்கலாமா?

கேள்வி: மகளுக்குப் பத்து மாதம், எட்டரைக் கிலோ. தை மாதம் அலிபிரி வழியாகத் திருமலைக்கு நடக்கப் போகிறோம். லீவு விட்டால் வால்பாறை, ஊட்டி என்று காரில் கிளம்பிவிடுவோம். மலையேறுகிறவர்கள் முதுகில் மாட்டும், அலுமினியச் சட்டம் வைத்த குழந்தைப் பை வாங்கலாம் என்கிறார் கணவர். விலை இருபதாயிரத்தை ஒட்டி வருகிறது. அதில் உட்கார்ந்தால் கால் வளைந்துவிடும் என்கிறார் மாமியார். யார் பேச்சைக் கேட்பது? (வாசகி, கோவை)

பதில்: நீங்கள் சொன்ன பயணங்களுக்கு அந்தப் பை வேண்டாம். இடுப்புப் பட்டை வைத்த நல்ல துணிக் கேரியர் போதும். விலை ஐந்தில் ஒரு பங்குதான் ஆகும்.

கணக்கைப் பாருங்கள். ஃபிரேம் கேரியர் காலியாக இருக்கும்போதே மூன்று, மூன்றரைக் கிலோ. குழந்தை எட்டரை. தண்ணீர், டயப்பர், மாற்றுத் துணி என்று இரண்டு கிலோவாவது சேரும். ஆக, பதினான்கு கிலோவைச் சுமந்துகொண்டு சுமார் 3,550 படிகள், ஒன்பது கிலோமீட்டர். துணிக் கேரியரில் குழந்தை உடம்போடு ஒட்டியிருக்கும், பாரம் பின்னால் இழுக்காது. மூன்றாவது மணி நேரத்தில் இந்த வித்தியாசம் முழங்காலுக்குத் தெரியும். (சிறுத்தை நடமாட்டத்தால் 2023இல் அந்தப் பாதையில் குழந்தைகளை அழைத்துப்போக நேரக் கட்டுப்பாடு போட்டார்கள். கிளம்பும் முன் அப்போதைய விதியை விசாரித்துக்கொள்ளுங்கள்.)

ஃபிரேம் கேரியர் வீண் பொருள் என்று சொல்லவில்லை. மாதம் ஒருமுறையாவது காட்டுப்பாதையில் மணிக்கணக்காக நடக்கிற குடும்பம், குழந்தைக்கு மூன்று வயது ஆகும்வரை அப்படியே நடக்கப் போகிறது என்றால் தாராளமாக வாங்கலாம். சுமப்பவர் முதுகுக்கும் குழந்தைக்கும் நடுவே காற்று ஓடும், வெயிலுக்குக் கூரை இருக்கும், சாமான் வைக்க இடமும் உண்டு. காரை நிறுத்திவிட்டு வியூ பாயின்ட் வரை அரை மணி நேரம் நடப்பதற்கு இது எதற்கு? பரண் மேல்தான் கிடக்கும்.

கணவர் பிடிவாதமாக இருந்தால், ஆன்லைனில் படம் பார்த்து ஆர்டர் போடாமல் கடைக்குப் போங்கள். பத்துக் கிலோ அரிசிப் பையை எடுத்துப்போய் அந்த இருக்கையில் வைத்துக் கட்டி, இருபது நிமிடம் நடந்து பாருங்கள். கடையில் மாடிப்படி இருந்தால் ஏறி இறங்குங்கள். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். இடுப்புப் பட்டை வயிற்றில் இல்லாமல் இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும், பாரத்தில் பெரும்பங்கு அங்கேதான் இறங்க வேண்டும். சரியாக மாட்டியிருந்தால் தோளில் மாட்டும் பட்டையைக் கொஞ்சம் தளர்த்தினாலும் பை தொங்காது. இதை நீங்களும் செய்ய வேண்டும், அவர் மட்டும் செய்தால் போதாது. முதுகு நீளத்துக்கு ஏற்ப ஏற்றி இறக்க முடியாத பை, உயரத்தில் வித்தியாசம் உள்ள தம்பதியில் ஒருவருக்குத்தான் பொருந்தும். ஒல்லியான பெண்களுக்குச் சில மாடல்களில் இடுப்புப் பட்டையைக் கடைசி வரை இழுத்தாலும் இறுகாது.

எடை வரம்பையும் கவனமாகப் படியுங்கள். ஆஸ்பிரே நிறுவனத்தின் போக்கோ என்ற ஃபிரேம் கேரியருக்குச் சொல்லும் 22 கிலோ வரம்பில் குழந்தை, சாமான், பையின் சொந்த எடை எல்லாமே அடக்கம். குறைந்தபட்சம் என்றும் ஒன்று உண்டு: குழந்தை யார் தயவும் இல்லாமல் நிமிர்ந்து உட்கார வேண்டும். உங்கள் மகள் அதைத் தாண்டியிருப்பாள். ஆனாலும் ஒல்லிக் குழந்தைக்குக் கால் நுழையும் ஓட்டை பெரிதாக இருக்கக் கூடாது. 2012 முதல் 2014 வரை தயாரான போக்கோ பைகளில் குழந்தை அந்த வழியே நழுவி விழலாம் என்று 2016இல் அமெரிக்காவில் திரும்ப அழைத்து, இருக்கையில் பொருத்தக் கூடுதல் மெத்தை கொடுத்தார்கள். செகண்ட் ஹேண்டில் பை பார்க்கிறவர்கள் தயாரிப்பு ஆண்டைக் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். புதிதாக வாங்கினால் ஐரோப்பியத் தரக் குறியீட்டைத் தேடுங்கள்: சட்டம் வைத்ததற்கு இஎன் 13209-1, துணிக்கு 13209-2. "டாக்டர்கள் பரிந்துரைத்தது" என்று பெட்டியில் போட்டிருப்பதை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை.

மாமியார் சொன்ன கால் விஷயம். நல்ல கேரியரால் கால் வளையாது. ஆனால் அவர் கவலைப்படும் இடம் சரியான இடம். தொடைக்கு நடுவே ஒரு கீற்றுத் துணி மட்டும் இருந்து, கால் நேராகத் தொங்கினால் இடுப்பு மூட்டுக்கு நல்லதல்ல. அவரே பேத்தியை இடுப்பில் வைக்கும்போது கால் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். தொடை விரிந்து, முழங்கால் பிட்டத்தைவிடச் சற்று மேலே இருக்கும். கேரியரும் அப்படித்தான் பிடிக்க வேண்டும். அதற்கு இருக்கை ஒரு முழங்காலிலிருந்து மறு முழங்கால் வரை அகலமாக இருக்க வேண்டும். ஃபிரேம் வகையில் கூடவே பாதம் ஊன்ற வளையம் வேண்டும். எதுவானாலும் முக்கால் மணிக்கு ஒருமுறை இறக்கிக் காலை நீட்ட விடுங்கள்.

முதுகில் இருக்கும் குழந்தை உங்கள் கண்ணில் படாது. தூங்கித் தலை சரிந்து முகவாய் நெஞ்சில் அழுந்தினால் மூச்சுக்குச் சிரமம், அதனால் இன்னொருவர் பின்னால் வரட்டும். ஊட்டிக் குளிரில் உங்களுக்கு வியர்க்கும், அசையாமல் இருக்கும் அவளுக்குக் கை கால் சில்லிட்டிருக்கும். தொட்டுப் பாருங்கள். ஃபிரேம் பையில் குழந்தையின் தலை உங்கள் தலைக்கு மேலே நிற்கும். டீக்கடைத் தகரக் கூரையும் சின்னக் கோயில் நிலைப்படியும் உங்களுக்கு இடிக்காது, அவளுக்கு இடிக்கும். கீழே விழுந்ததை எடுக்க இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்குங்கள். அப்புறம், பையின் அடியில் இருக்கும் தாங்குகால், குழந்தையை ஏற்றி இறக்க மட்டும்தான். அதை நாற்காலியாக்கி இட்லி ஊட்ட வேண்டாம்.

கேள்வி: இதே கேரியரில் குழந்தையைக் கட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் போகலாமா? (வாசகர், மதுரை)

பதில்: கூடாது. நடப்பதற்காகச் செய்த பட்டைகள் அவை. மத்திய மோட்டார் வாகன விதியில் 2022இல் கொண்டுவந்து 2023 பிப்ரவரியில் அமலான திருத்தப்படி, நான்கு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு 30 கிலோ தாங்கும் தனிப் பாதுகாப்புப் பட்டை வேண்டும். ஒன்பது மாதம் நிறைந்திருந்தால் அளவான ஹெல்மெட்டும் வேண்டும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. காரிலும் கேரியர் கார் சீட்டுக்கு மாற்றாகாது.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய கேரியரின் பக்கிள் உடைந்து வந்தது. குழந்தைப் பொருள் என்பதால் திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறார் விற்றவர். (வாசகி, திருச்சி)

பதில்: அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை இல்லை. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. உடைந்த பக்கிள், பார்சல் லேபிள், பில் மூன்றையும் படம் எடுத்து விற்பனைத் தளத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். பக்கிளை நீங்களே தைத்தோ ஒட்டியோ பயன்படுத்த வேண்டாம்.