அம்மாவின் கைப்பையில் கிடக்கும் துண்டு

கேள்வி: வெள்ளவத்தையில் ஐந்தாம் மாடியில் இருக்கிறோம். அம்மாவுக்கு 67 வயது, எடை 79 கிலோ. சீனியும் பிரஷரும் இருக்கிறது. எக்ஸ்ரே பார்த்து இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது என்கிறார்கள். வலி கூடினால் பார்மசியில் குளிசை வாங்கிக் கொடுக்கிறோம். ஒரு டொக்டர் பிசியோவுக்கு, அதாவது உடற்பயிற்சி வைத்தியத்துக்கு, துண்டு எழுதித் தந்தார், அது எட்டு மாதமாக அம்மாவின் கைப்பையில் கிடக்கிறது, அவவும் மறந்துபோனா. டொராண்டோவில் இருக்கும் அண்ணா ஒப்பரேஷனுக்குக் காசு அனுப்புகிறேன் என்கிறார். கணவர் அவசரப்படாதே என்கிறார். செய்வதா, விடுவதா?
– ஒரு மகள், கொழும்பு 6

பதில்: தங்கச்சி, ஒப்பரேஷனைப் பற்றி அப்புறம் பேசுவோம். முதலில் அந்தத் துண்டை எடுத்து மேசையில் வையுங்கள்.

எட்டு மாதம்! ஒரே வரியில் எழுதிவிட்டு அண்ணாவின் காசுக்குப் போய்விட்டீர்கள். அம்மா மறந்துபோனார் என்பதை நான் நம்பவில்லை. கைப்பையை ஒரு நாளில் எத்தனை தரம் திறப்பார்? மூக்குக்கண்ணாடி, வங்கிப் புத்தகம், கிளினிக் கொப்பி, கோயில் திருநீறு எல்லாம் அதற்குள்தானே இருக்கும். ஒவ்வொன்றையும் எடுக்கும்போது அந்தத் துண்டும் விரலில் பட்டிருக்கும். மடித்த இடம் இப்போது கிழியத் தொடங்கியிருக்கும். அவர் உங்களிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான். கேட்டால் நீங்கள் லீவு எடுக்க வேண்டும், விடியவே வெளிக்கிட வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும். பிள்ளைக்கு வேலை என்று பேசாமல் இருந்துவிட்டார். அவர் கேட்கும்வரை காத்திருந்தது உங்கள் பிழை. பெற்றவள் வாய் திறந்து கேட்க முன்னமே பிள்ளை பார்த்துச் செய்ய வேண்டும் என்று நினைக்கிறவள் நான்.

இன்னொன்றையும் கேளுங்கள். நாளைக்கே ஒப்பரேஷன் செய்தாலும், ஒன்றிரண்டு நாளிலேயே பிசியோ வந்து அம்மாவை எழுப்பி நடக்க வைப்பார். வீட்டுக்கு வந்த பிறகு வாரக்கணக்கில் பயிற்சி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் புது முழங்காலும் இறுகிப்போய் மடங்க மறுக்கும். அண்ணா எத்தனை லட்சம் அனுப்பினாலும், கடைசியில் உங்கள் கையில் வரப்போவது இதே துண்டுதான். அப்போது யார் கூட்டிக்கொண்டு போவது?

முழங்கால் தேய்வுக்கு முதல் வைத்தியமே தசைப் பயிற்சியும் எடைக் குறைப்பும் நோயை விளங்கிக்கொள்வதும்தான். டென்மார்க்கில் 2013இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். முழங்கால் வலிக்காரரை அவரவர் ஊரிலேயே சிறு குழுவாகச் சேர்த்து, பிசியோ இரண்டு தரம் நோயைப் பற்றி விளக்குவார். பிறகு ஆறு வாரத்தில் பன்னிரண்டு பயிற்சி வகுப்பு. அண்ணா இருக்கிற கனடாவிலும் இது நடக்கிறது. இப்படிப் பயிற்சி செய்தவர்களுக்கு வலி குறைகிறது, நடை கூடுகிறது. எல்லாம் செய்தும் இரவில் தூங்க விடாத வலி, நாலு எட்டு வைக்க முடியாத நிலை என்றால் ஒப்பரேஷன் நல்ல வழிதான், தாராளமாகச் செய்யுங்கள். அப்போதும் முன்கூட்டியே தொடையைப் பலப்படுத்தியவர் சீக்கிரம் எழும்புவார்.

அந்தக் குளிசை விஷயமும் எனக்குப் பயமாக இருக்கிறது. சீனிக்கு ஒரு கிளினிக், பிரஷருக்கு ஒன்று, முழங்காலுக்கு இன்னொரு டொக்டர், வலிக்குப் பார்மசி. டைக்லோபெனாக் மாதிரி வலிக் குளிசைகள் பிரஷரை ஏற்றும், வயிற்றில் புண்ணாக்கும். சீனியுள்ளவருக்குச் சிறுநீரகம் ஏற்கெனவே களைத்திருக்கலாம், அதையும் போட்டுத் தாக்கும். பிரஷர் டொக்டருக்கு இந்தக் குளிசை தெரியுமா? கொப்பியில் எழுதியிருக்கிறதா? வெளிநாட்டில் டொக்டர், தாதி, பிசியோ, உணவு ஆலோசகர் எல்லாரும் சேர்ந்து ஒரு நோயாளியைப் பார்க்கிறார்கள் என்றால், ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரிகிறது என்று அர்த்தம். உங்கள் வீட்டில் அந்த வேலை உங்களுடையது. எல்லாக் குளிசை அட்டையையும் ஒரு பையில் போட்டு அடுத்த கிளினிக்குக் கொண்டுபோய் மேசையில் கொட்டுங்கள். அதுவரை பார்மசிக் குளிசையை நிறுத்துங்கள், கிளினிக் குளிசைகளில் கை வைக்காதீர்கள்.

எடையைப் பற்றி ஒரு கணக்கு. ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் விழும் சுமை நாலு கிலோ குறையும். இரவுப் புட்டைப் பாதியாக்குங்கள், சீனிக்கும் அது நல்லது. ஆனால் வீட்டில் எல்லாரும் அதையே சாப்பிட வேண்டும். அம்மாவை மட்டும் தனிக்கோப்பையில் பட்டினி போடாதீர்கள்.

திங்கட்கிழமை லீவு போட்டு, துண்டோடு அம்மாவை வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். திகதி பழையது என்றால் அங்கேயே புதுத் துண்டு கேளுங்கள், அரச வைத்தியசாலையில் பிசியோவுக்குக் காசு இல்லை. முதல் நாள் நீங்களும் உள்ளே போய்ப் பார்த்துப் பழகுங்கள். பெரும்பாலும் எளிய பயிற்சியில்தான் தொடங்குவார்கள்: கதிரையில் நிமிர்ந்து இருந்து, ஒரு காலை மெதுவாக நீட்டி, பாதத்தைத் தன் பக்கம் இழுத்து, ஐந்து எண்ணும்வரை பிடித்து இறக்குவது. தொடைத் தசை கல்லுப்போல் இறுகும், உங்கள் கையை வைத்துப் பாருங்கள். செய்யும்போது கொஞ்சம் வலித்தால் பயமில்லை. அடுத்த நாளும் வலியும் வீக்கமும் நின்றால் அளவைக் குறைத்து, பிசியோவிடம் சொல்லுங்கள். நடை பழகும்போது ஊன்றுகோலை அதிகம் வலிக்கிற காலுக்கு எதிர்க்கையில் பிடிக்கச் சொல்லுங்கள், பலர் மாற்றிப் பிடிக்கிறார்கள். பின்னேரம் வெயில் தாழ்ந்ததும் கடற்கரை மரைன் டிரைவில் அம்மாவோடு உங்கள் கணவர் நடக்கட்டும். அவசரப்படாதே என்று சொன்னவருக்கும் ஒரு வேலை வேண்டும்.

அண்ணாவுக்கும் வேலை இருக்கிறது. இங்கே மாலை ஏழு மணி என்றால் அங்கே காலை. அந்த நேரம் வீடியோவில் வரச் சொல்லுங்கள். அம்மா காலை நீட்டட்டும், ஐந்துவரை அண்ணா எண்ணட்டும்.