ரேஷன் யாருக்குக் கிடைக்காமல் போகிறது? உணவுப் பாதுகாப்புச் சட்டம் குறித்த கேள்வி பதில்

இந்தியாவின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், அதன்கீழ் இயங்கும் பொது விநியோகத் திட்டம், ரேஷன் கடைகளில் நடைமுறையில் எழும் சிக்கல்கள் ஆகியவை பற்றி அனுப்பப்பட்ட கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன். ஒரே பொருளைத் தொட்ட கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி (கல்லூரி மாணவி, திருச்சி): ஐயா, ரேஷன் கடைகள் பல பத்தாண்டுகளாகவே இருக்கின்றன. அப்படியிருக்க, 2013இல் தனியாக ஒரு சட்டம் எதற்குத் தேவைப்பட்டது?

பதில்: திட்டம் என்றால் அரசு விரும்பும் வரை கொடுக்கும், விரும்பாதபோது குறைக்கும். சட்டம் என்று வந்துவிட்டால், கிடைக்காதவர் கேட்டுப் பெறலாம். இந்த மாற்றத்துக்கான தொடக்கம் 2001இல் நிகழ்ந்தது. ராஜஸ்தானின் பல பகுதிகள் தொடர் வறட்சியில் வாடிக்கொண்டிருந்த அதே காலத்தில், இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகளில் தேவையான கையிருப்பையும் தாண்டித் தானியம் மலைபோல் குவிந்து கிடந்தது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் என்ற மனித உரிமை அமைப்பு இதை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றது. அவ்வாண்டு நவம்பர் 28 அன்று நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால ஆணை, நடப்பில் இருந்த உணவுத் திட்டங்களைப் பயனாளிகளின் உரிமைகளாக்கியது. அரசுப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு தர வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் கட்டளையிட்டதும் அதே ஆணைதான். தமிழ்நாடு இதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அதைச் செய்துகொண்டிருந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்த வழக்கும் அதைச் சுற்றி எழுந்த இயக்கமும் இல்லாமல் 2013ஆம் ஆண்டுச் சட்டம் வந்திருக்காது.

கேள்வி (வங்கி அலுவலர், மதுரை): ஏறத்தாழ 80 கோடிப் பேருக்கு இலவசத் தானியம் தருவதாக அரசு சொல்கிறது. இன்னும் விடுபட்டவர்கள் இருக்கிறார்கள் என்பது எப்படிப் பொருந்தும்?

பதில்: சட்டம் கிராமப்புற மக்களில் 75 விழுக்காடு வரையும் நகர்ப்புற மக்களில் 50 விழுக்காடு வரையும் தானியம் பெறலாம் என்கிறது. நாடு முழுமைக்கும் சேர்த்தால் மூன்றில் இரண்டு பங்கு. ஆனால் இந்த விழுக்காட்டை எந்த மக்கள்தொகை மீது போடுவது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. வெளியான கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011ஆம் ஆண்டுக்கு உரியது. அப்போது நாம் 121 கோடிப் பேர். அதைக்கொண்டு வகுத்த உச்சவரம்பு 81 கோடியைச் சற்றே தாண்டுகிறது. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. இன்று மக்கள்தொகை 140 கோடியைக் கடந்துவிட்டது. அதே மூன்றில் இரண்டு பங்கை இந்த எண்ணின் மீது போட்டுப் பாருங்கள்: 93 கோடிக்கு மேல் வரும். ஆக, சட்டத்தின் சொந்தக் கணக்குப்படியே பத்துக் கோடிக்கும் மேற்பட்டவர்கள் வெளியே நிற்கிறார்கள்.

இவர்கள் யார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மாநிலத்துக்கு ஒதுக்கிய இடம் நிரம்பிவிட்டால், பழைய அட்டைகளில் இருந்து யாரையாவது நீக்கினால்தான் புதியவரைச் சேர்க்க முடியும். எனவே வெளியே நிற்பவர்களில் பலர் 2011க்குப் பின் பிறந்த குழந்தைகளும், திருமணமாகித் தனிக்குடித்தனம் வந்த இளம் பெண்களும், ஊர் விட்டு ஊர் பெயர்ந்த கூலித் தொழிலாளர்களுமாக இருக்கிறார்கள். சத்துணவு மிகவும் தேவைப்படும் வயதில் இருப்பவர்களே பட்டியலுக்கு வெளியே வளர்கிறார்கள் என்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. அடுத்த கணக்கெடுப்புக்கான அடிப்படை நாள் 2027 மார்ச் 1 என அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதன் முடிவுகள் வெளிவந்து ஒதுக்கீடு திருத்தப்படும் வரை காத்திருக்கத் தேவையில்லை. மதிப்பிட்ட மக்கள்தொகையைக் கொண்டு இன்றே உச்சவரம்பை உயர்த்த அரசால் முடியும்.

கேள்வி (சிறு தொழில் முனைவோர், கோயம்புத்தூர், இதே கருத்தை வேறு சிலரும் எழுதியிருந்தார்கள்): காரில் வந்து ரேஷன் அரிசி வாங்கிச் செல்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். உண்மையான ஏழைகளுக்கு மட்டும் கொடுத்தால் அரசுப் பணம் மிச்சமாகாதா?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் இந்த வழியை நாடு ஒருமுறை நடந்து பார்த்துவிட்டது. 1997 ஜூனில் பொது விநியோகம் இலக்கு சார்ந்ததாக மாற்றப்பட்டு, வறுமைக்கோட்டுக்குக் கீழ், மேல் என்று குடும்பங்கள் பிரிக்கப்பட்டன. சில ஆண்டுகள் கழித்து நடந்த தேசிய அளவிலான கணக்கெடுப்புகளைப் பார்த்தபோது, கிராமப்புற ஏழைக் குடும்பங்களில் ஏறத்தாழ பாதியிடம் வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளோருக்கான அட்டையே இல்லை என்பது தெரிய வந்தது. வசதியுள்ள பல வீடுகளில் அந்த அட்டை இருந்தது.

இது ஏன் இப்படி ஆகிறது என்றால், ஒருவர் ஏழையா என்று கண்டறிய அரசிடம் நம்பத்தகுந்த கருவி எதுவும் கிடையாது. நம் நாட்டின் உழைப்பாளர்களில் மிகப் பெரும்பாலோருக்கு மாதச் சம்பளச் சீட்டு இல்லை. வருமானச் சான்றிதழ் வாங்க அலுவலகத்துக்கு நடக்கவும், ஒருநாள் கூலியை இழக்கவும், அதிகாரியிடம் பேசவும் திறன் உள்ளவர்களுக்கே அது கிடைக்கிறது. மேலும், வறுமை ஒரு குடும்பத்தில் நிலையாக இருப்பதும் இல்லை. சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்த கொத்தனாரின் வீடு, போன மாதம் வரை எந்த அளவுகோலின்படியும் ஏழை வீடாக இருந்திருக்காது.

இரண்டு விதமான பிழைகள் இருக்கின்றன: தகுதியில்லாதவரைச் சேர்ப்பது ஒன்று, தகுதியுள்ளவரை விலக்குவது மற்றொன்று. முதல் பிழை கண்ணில் படும். காரில் வந்தவரை நீங்கள் பார்த்தீர்கள். அவர் பெயர் பட்டியலிலும் இருக்கிறது. இரண்டாவது பிழைக்குச் சாட்சி இல்லை. அட்டை கிடைக்காத விதவை எந்தப் பட்டியலிலும் இல்லை, அவர் கடை வாசலுக்கும் வருவதில்லை. எனவே ஒவ்வோர் ஆண்டும் இத்தனை போலி அட்டைகளை நீக்கினோம் என்று அறிக்கை வெளியாகிறது; தகுதியுள்ளவர் எத்தனை பேரை விட்டுவிட்டோம் என்ற அறிக்கை வெளியாவதில்லை. முதல் பிழையால் அரசுக்குச் சில கிலோ அரிசியின் மானியம் போகிறது, இரண்டாவதால் ஒரு வீட்டில் உலை கொதிப்பதில்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எடைபோட என்னால் இயலாது.

தமிழ்நாடு அனைவருக்குமான முறையைக் கைவிடாமல் வைத்திருந்ததால் இந்த இழப்பைப் பெருமளவு தவிர்த்தது. ஒன்றியச் சட்டத்துக்குள் 2016 நவம்பரில் வந்த பிறகும், முன்னுரிமைப் பட்டியலில் இடம்பெறாத அரிசி அட்டைதாரர்களுக்கு மாநிலம் தன் செலவில் வழங்கி வருகிறது. அரிசி வேண்டாம் என்பவர்கள் சர்க்கரை அட்டைக்கோ பொருளில்லா அட்டைக்கோ மாறிக்கொள்ள வழியும் இருக்கிறது. விலகுவது மக்களின் விருப்பமாக இருக்கும்போது பிழை மிகக் குறைவாகவே நேர்கிறது.

கேள்வி (திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு பேரன்): என் பாட்டிக்கு வயது 76. தோட்ட வேலை செய்தே ரேகை தேய்ந்துவிட்டது. கருவி ஏற்காததால் இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, முதலில் இதைத் தெளிவாக அறிந்துகொள்ளுங்கள்: கைரேகை பொருந்தவில்லை என்பதற்காகவோ, ஆதார் இணைக்கப்படவில்லை என்பதற்காகவோ யாருக்கும் தானியம் மறுக்கக் கூடாது என்று 2017 அக்டோபரிலேயே ஒன்றிய அரசு மாநிலங்களுக்கு எழுத்துப்பூர்வமாக அறிவுறுத்தியிருக்கிறது. கடைக்காரரிடம் கருவிழிப் பதிவு மூலம் முயலும்படி கேளுங்கள். அதுவும் ஏற்காவிட்டால், அட்டையைப் பார்த்து ஏட்டில் பதிந்து கொடுக்கும்படி கேளுங்கள். கடைக்கு நடக்க இயலாதவர்கள் தங்களுக்குப் பதிலாக ஒருவரை நியமிக்கும் அங்கீகாரப் படிவம் வட்ட வழங்கல் அலுவலகத்தில் கிடைக்கும். 2025 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட தாயுமானவர் திட்டத்தில் வயது முதிர்ந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் கொண்டுவந்து தருகிறார்கள். உங்கள் பாட்டியின் பெயர் அதில் இருக்கிறதா என்று கடையிலேயே கேளுங்கள். மறுத்தால் 1967 என்ற எண்ணில் புகார் பதியுங்கள்.

கேள்வி (பொருளியல் முதுகலை மாணவர், சென்னை): தானியத்தைக் கொள்முதல் செய்து, சேமித்து, ஏற்றி இறக்கிக் கொண்டுசேர்ப்பதைவிட, அந்தப் பணத்தை வங்கிக் கணக்கில் போட்டுவிட்டால் செலவு குறையாதா?

பதில்: காகிதத்தில் குறையும். 2017 அக்டோபரில் ஜார்க்கண்ட் மாநிலம் ராஞ்சிக்கு அருகிலுள்ள நக்ரி வட்டாரத்தில் இதைச் சோதித்தார்கள். அதுவரை கிலோ ஒரு ரூபாய்க்குக் கிடைத்த அரிசியை மக்கள் 32 ரூபாய் கொடுத்து ரேஷன் கடையில் வாங்க வேண்டும். வித்தியாசம் முன்கூட்டியே கணக்கில் வந்துவிடும் என்பது ஏற்பாடு. நடந்தது என்னவென்றால், பணம் வந்ததா என்று அறிய வங்கிக்கும், பணம் எடுக்கச் சேவை மையத்துக்கும், பிறகு கடைக்கும் மக்கள் அலைந்தார்கள். வீட்டில் யாருடைய கணக்கில் பணம் விழுந்தது என்பதே பலருக்குத் தெரியவில்லை. 2018 பிப்ரவரியில் நக்ரியிலிருந்து ராஞ்சிக்கு மக்கள் பேரணியாக நடந்தார்கள். அவ்வாண்டு ஆகஸ்டில் அத்திட்டம் கைவிடப்பட்டது.

கர்நாடகத்தின் அனுபவமும் உண்டு. கூடுதலாக அறிவித்த 5 கிலோ அரிசிக்குத் தானியம் கிடைக்காததால், 2023 ஜூலை முதல் ஆளுக்கு மாதம் 170 ரூபாய் தந்தார்கள். 2025இல் அரிசிக்கே திரும்பினார்கள். விலை ஏறினாலும் 5 கிலோ அரிசி 5 கிலோவாகவே இருக்கும், 170 ரூபாய் அப்படி இருக்காது. வங்கியும் சந்தையும் பக்கத்திலேயே உள்ள பெருநகரில் பணம் சிலருக்கு வசதியாக இருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாடு முழுவதும் கடைகளை மூடிவிட்டு அதைச் செய்வதை நான் ஏற்கவில்லை.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்): பாதி அரிசி கடத்தப்படுகிறது என்கிறார்களே?

பதில்: ஐயா, ஒரு காலத்தில் அது உண்மை. 2004-05இல் நாடு முழுவதும் எடுத்துப் பார்த்தால் பாதிக்கும் மேற்பட்ட தானியம் பயனாளிகளைச் சென்றடையவில்லை. 2011-12இல் அது ஐந்தில் இரண்டு பங்கை ஒட்டிக் குறைந்தது. 2022-23ஆம் ஆண்டின் நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பைக் கொண்டு ஆய்வாளர்கள் செய்த மதிப்பீடுகள் கால்பங்கை ஒட்டி நிற்கின்றன. இன்னும் அதிகம்தான், ஆனால் திருத்த முடியும் என்பதற்கு இது சான்று. சத்தீஸ்கர் 2004இல் தனியார் வணிகர்களிடமிருந்து கடைகளை எடுத்து ஊராட்சிகளிடமும் மகளிர் சுயஉதவிக் குழுக்களிடமும் கூட்டுறவுச் சங்கங்களிடமும் ஒப்படைத்தது. தானியத்தை அரசு லாரிகளே கடை வரை கொண்டுசேர்த்தன. பயனாளிகளின் எண்ணிக்கையும் விரிந்தது. ஊரில் எல்லோரும் வாங்கும் கடையில் எடை குறைந்தால் ஊரே கேட்கும். ஏழைகள் மட்டும் வரும் கடையில் கேட்பதற்குக் குரல் குறைவு.

கேள்வி (அங்கன்வாடிப் பணியாளர், தர்மபுரி): அரிசி மட்டும் தின்றால் இரத்தசோகை போகுமா?

பதில்: போகாது, அம்மா. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. நான்காவது ஆய்வில் பெண்களிடையே இது 53 விழுக்காடாக இருந்தது. குறைய வேண்டியது கூடியிருக்கிறது. சட்டப்படி ரேஷனில் கிடைப்பது ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம், அந்தியோதயா எனப்படும் மிக வறிய குடும்பத்துக்கு 35 கிலோ; அவ்வளவே. பருப்பும் எண்ணெயும் அதில் இல்லை. தமிழ்நாட்டில் துவரம் பருப்பும் பாமாயிலும் கிடைப்பது மாநில அரசின் செலவில். உங்கள் மாவட்டத்திலும் நீலகிரியிலும் 2023 முதல் கேழ்வரகு வழங்கப்படுகிறது. ஒடிசாவும் கர்நாடகமும் இந்த வழியில் முன்பே சென்றிருக்கின்றன. பருப்பை ஒன்றியச் சட்டத்திலேயே சேர்க்க வேண்டும், அச்சட்டம் ஏற்கெனவே இடம்தரும் சிறுதானியத்தைக் கூடுதலாக வழங்க வேண்டும், அங்கன்வாடிகளில் எல்லா மாநிலங்களிலும் முட்டை தர வேண்டும். இதற்கெல்லாம் பணம் எங்கே என்று இன்னொருவர் கேட்டிருந்தார். 2024 ஜனவரி முதல் ஐந்தாண்டுகளுக்கு இலவசத் தானியத்துக்கென மதிப்பிட்ட செலவு 11.80 லட்சம் கோடி ரூபாய்; ஆண்டுக்கணக்கில் பார்த்தால் இது நாட்டின் மொத்த உற்பத்தியில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. பருப்பைச் சேர்த்தாலும் நாடு தாங்கும்.

கேள்வி (பின்னலாடை நிறுவன மேற்பார்வையாளர், திருப்பூர்): எங்களிடம் பீகார்த் தொழிலாளர்கள் பலர் வேலை செய்கிறார்கள். இங்கே ரேஷன் வாங்கினால் ஊரில் உள்ள மனைவி மக்களுக்கு நின்றுவிடும் என்று பயப்படுகிறார்கள். உண்மையா?

பதில்: அந்தப் பயம் தேவையில்லை. ஒரே நாடு ஒரே குடும்ப அட்டை ஏற்பாட்டின்படி, அட்டையில் உள்ள மொத்த அளவில் தன் பங்கை இங்கே ஒருவர் வாங்கிக்கொள்ளலாம். மீதியைக் குடும்பத்தினர் சொந்த ஊர்க் கடையில் பெறலாம். அட்டை எண்ணோ ஆதார் எண்ணோ சொல்லி, கைரேகை வைத்தால் போதும். தமிழ்நாட்டின் பருப்பும் எண்ணெயும் மட்டும் அவர்களுக்குக் கிடைக்காது, ஒன்றியத் தானியம் கிடைக்கும். அட்டையே இல்லாதவர்களாக இருந்தால், அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான ஒன்றிய அரசின் இ-ஷ்ரம் இணையதளத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்று பாருங்கள். அப்படிப் பதிந்தும் அட்டை கிடைக்காத சுமார் 8 கோடிப் பேருக்கு அட்டை வழங்கும்படி உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் ஆணையிட்டது. 2024 மார்ச்சில் அதை மீண்டும் வலியுறுத்தியது. அந்த ஆணையைக் குறிப்பிட்டு, சொந்த மாநிலத்தின் உணவுத் துறைக்கு அவர்கள் பெயரில் விண்ணப்பம் எழுதித் தர உங்களால் முடியும். மொழி தெரியாத ஊரில் அவர்களுக்கு அந்த உதவி மிகவும் தேவை.